இரண்டாவது ரத்தம் எடுக்கும் முன்னே எழுந்து போனவளுக்கு

என் தங்கமே, தனலட்சுமி,

அன்றைக்கு உன் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். தலைமாட்டில் நான். கால்மாட்டில் உன் வீட்டுக்காரர் கந்தசாமி மாப்பிள்ளை. உன் கையைப் பிடித்தபடி உன் மகள் காவ்யா. சன்னலோரம் உன் தம்பி முருகேசன், கையில் கார் சாவி. அவனுக்குப் பக்கத்தில் உன் பெரியப்பா மகள் சாந்தி. அப்புறம் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா. ரத்தம் எடுக்கத் தட்டோடு வந்து நின்ற நாகர்கோவில் நர்சுப் பெண். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை. மறக்கிற ஆளா நான்? உன் வளைகாப்புக்கு வராமல் போனவர்களின் பெயரையே இன்னும் மூச்சு விடாமல் சொல்லுவேனே.

வருசம் திரும்புகிறது, பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி போடலாம் என்றார்கள். செத்துப்போன எல்லோருக்கும் அந்த நாலு வரி ஒன்றேதான். பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். நான் அஞ்சாவதோடு நின்றவள், எழுத்து கோணும். கோணினால் கோணட்டும், நானே எழுதுகிறேன் என்றேன். "எழுதுங்க அம்மாயி, நாலு பேரு படிக்கட்டும்" என்றாள் காவ்யா.

அவர்கள் எடுத்து வைத்த படத்தையும் போட நான் விடவில்லை. அது உன் தம்பியின் கல்யாணத்தில், இணைச்சீருக்கு நின்றபோது எடுத்த படம். பட்டுச் சேலை, தலையில் சீர்க்கூடை, வாய் நிறையச் சிரிப்பு. பார்க்கிறவர்களுக்கு அது அழகு. உன் மேலுதட்டில் பூத்திருக்கும் வேர்வை எனக்கு மட்டும்தான் தெரிகிறது.

இணைச்சீர் என்றால் என்னவென்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேற்றூர்க்காரர் படித்தால் தெரியட்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் கல்யாண மாப்பிள்ளையோடு அவன் கூடப் பிறந்தவள் நிற்க வேண்டும். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை இவள் கையில். எனக்குக் கல்யாணமானாலும் இவளை விட்டுவிட மாட்டேன் என்பதற்கு அந்தச் சீர். விட்டுவிட மாட்டேன் என்பதற்கு, தனம்.

சீருக்கு முதல் நாள் காலையில்தான் உனக்கு மேல்வயிற்றில் வலி பிடித்தது. முதுகு வரைக்கும் குத்தி, மடங்கி உட்கார்ந்துவிட்டாய். பித்தப்பைக் கல் கீழே இறங்கி அடைத்துக் கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். கணையம் என்று ஒன்று உடம்புக்குள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உன் எழவு வீட்டில் ஒருத்தி, "அது குடிக்கறவங்களுக்கு வர்ற நோவாச்சே" என்று இழுத்தாள். அவள் வாசற்படியை அதற்கப்புறம் நான் மிதிக்கவில்லை.

டாக்டரம்மா நம்மிடம் ஒளித்துப் பேசவில்லை. "நோய் இருக்குன்னு இந்த ரத்தம் சொல்லிடுச்சு. எவ்வளவு முத்தும்னு சொல்லல. வீக்கத்தைக் காட்டற சி.ஆர்.பி., கிட்னியைக் காட்டற யூரியான்னு ரெண்டு இருக்கு, அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கணும். சி.ஆர்.பி. முதல் நாள் குறைவாகூடக் காட்டும். அடுத்த நாள் ஏறுதான்னுதான் பார்க்கறோம். ஏறினா நுரையீரலுக்கும் கிட்னிக்கும் ஆபத்து வரலாம்னு முன்கூட்டியே உஷாராயிடுவோம்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. நீதான் விளக்கினாய். மண்ணரை பனியன் கம்பெனியில் அத்தனை வருசம் துணி செக்கிங்கில் நின்றவள் அல்லவா.

"அம்மா, சாயப்பட்டறையில இருந்து வந்ததும் துணி பளபளன்னுதான் இருக்கும். துவைச்சுப் பார்த்தாத்தான சாயம் போகுதா, சுருங்குதான்னு தெரியும்? ரத்தமும் அப்படித்தானாமா."

இவ்வளவு தெரிந்தவள் நீ. துவைத்துப் பார்க்காத துணியை ஒரு நாளாவது பாஸ் பண்ணி விட்டிருப்பாயா?

மறுநாள் மத்தியானம் வலி அடங்கியிருந்தது. முருகேசன் சன்னலோரம் நின்று ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் காட்டினான்.

"பாருங்க மச்சான். சி.ஆர்.பி. ரேஞ்சுக்குள்ளதான இருக்குது. வலியும் போயிருச்சு. ஒரு மணி நேரம். காருல கூட்டிட்டுப் போயி, காருலயே கொண்டாந்து படுக்க வெச்சர்றேன்."

"அது நேத்து எடுத்த ரத்தம், முருகேசா. இப்ப மறுபடி எடுக்கோணும்ங்கறாங்கல்ல" என்றார் மாப்பிள்ளை.

"வந்து எடுத்துக்கறது. ரத்தம் எங்க ஓடியா போயிரும்?"

"ஓடாதுண்ணே, ஆனா ஏறும்லா" என்றாள் நர்சுப் பெண், தட்டைக் கீழே வைக்காமல்.

டாக்டரம்மா உன்னைப் பார்த்துத்தான் சொன்னார். "வலி குறைஞ்சது ஊசியால. நோய் குறைஞ்சதால இல்லை."

சாந்தி முன்னால் வந்தாள். "முருகேசு, நான் நிக்கறேன். பெரியப்பா மகளுன்னாலும் நானும் உனக்கு அக்காதான?"

அவள் நிற்கட்டும் என்று நானும் சொன்னேன். பங்காளி மகள் நிற்பது ஒன்றும் ஊரில் நடக்காததல்ல. அவன் கேட்டானா? "உங்களைக் குறைச்சுச் சொல்லலீங்க்கா. கூடப் பொறந்தவ இருக்கறப்ப வேற ஆளு நின்னா பொண்ணூட்டுல ஏன் என்னன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சா சகுனம் சரியில்லைன்னு நிறுத்திப்போடுவாங்க. இத்தன வருசம் அலைஞ்சு ஒரு பொண்ணு கெடைச்சிருக்குது. அப்புறம் எனக்கு யாருங்க்கா தருவாங்க?"

அவன் குரல் உடைந்ததை நானும் கேட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அவன் ஏறி இறங்கிய வாசல்களை நானும் பார்த்தவள்தான். நீயோ அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"அம்மா, என்ற சீப்பு எங்க? இடுப்புல வெச்சு வளர்த்துனவம்மா நானு. இவன் சீருக்கு இன்னொருத்தி நிக்கறதைப் படுத்துக்கிட்டா கேக்கறது?" நர்சுப் பெண்ணிடம் திரும்பி, "ஊசியை அப்படியே வை கண்ணு. வந்து கையை நீட்டறேன்" என்றாய்.

டாக்டர் பேச்சை மீறிக் கூட்டிப்போவது எங்கள் பொறுப்பு என்ற தாளில் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். காவ்யா உனக்குத் தலை பின்னிவிட்டாள்.

ஒரு மணி நேரம் என்றவன் சொன்ன பேச்சு என்ன ஆனது தெரியுமா? சீர் முடிந்தது, படம் எடுத்தார்கள், பெண் வீட்டார் உன்னிடம் வந்து வந்து பேசினார்கள். நீ மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னாய். கந்தசாமி மாப்பிள்ளை கிளம்பலாம் என்றார், நானும் சொன்னேன். "இப்பக் கிளம்புனா எல்லாரும் கேப்பாங்க. விடிஞ்சா முகூர்த்தம், அது முடிஞ்சதும் போயர்லாம்" என்று முருகேசன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நீயும் சரியென்று தலையை ஆட்டிவிட்டு மண்டபத்து அறையில் போய்ப் படுத்தாய். தாலி கட்டி முடிப்பதற்குள் உன் வயிறு கல்லாகிவிட்டது. ஒன்றுக்குப் போகவில்லை என்று காவ்யா என் காதில் வந்து சொன்னாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கையை நீட்டினாய் கண்ணு, சொன்னபடி. அந்த நர்சுப் பெண்தான் எடுத்தாள். சி.ஆர்.பி. எங்கேயோ போய் நின்றது. யூரியாவும் ஏறியிருந்தது. டாக்டரம்மா நம்மைத் திட்டவில்லை. "இதை நேத்தே பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. அப்புறம் ஐ.சி.யூ., கிட்னிக்கு ஒரு மெஷின், மூச்சுக்கு ஒரு மெஷின். கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் விட்டார்கள். ஒரு நாள் அதுவும் முடிந்தது.

எல்லாம் முடிந்தபின் ஒருநாள் தனியாகப் போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். "அன்னிக்கே பார்த்திருந்தா பொழைச்சிருப்பாளா சாமி?"

"சொல்ல முடியாதும்மா. அந்த நம்பர் நோயைத் தடுக்காது, வரப்போறதைத்தான் சொல்லும். சொல்லியிருந்தா நாங்க முன்னாடியே தயாரா இருந்திருப்போம். அதுக்கு மேல சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

நல்ல பெண். ஆனாலும், பிழைத்திருப்பாள் என்றோ மாட்டாள் என்றோ ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு வருசமாக நிற்கிறேன், தனம். இங்கே உட்கார இடமில்லை.

நம் வீட்டுச் சேதி சொல்கிறேன். காவ்யா பன்னிரண்டாவது போகிறாள். ரசத்தில் புளியை அள்ளிப் போடுகிறாள், உன் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் குடிக்கிறார். உன் செக்கிங் மேசையில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த பெண் நிற்கிறாளாம். கெட்டிக்காரி என்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

நான் முருகேசன் வீட்டில்தான் இருக்கிறேன். அவன் போடும் சோற்றைத்தான் தின்கிறேன். ஆனால் அவனோடு பேச்சில்லை. "நித்யா, உங்க அத்தைக்கு மாத்திரை தீர்ந்துருச்சான்னு கேளு" என்பான் மருமகளிடம், என் முன்னாலேயே நின்றுகொண்டு. "இருக்குதுன்னு சொல்லு" என்பேன் நானும் அவளிடம். பாவம், நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அவளுக்குக் கழுத்து வலி. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்து எழுந்து வந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தபோது, "சொல்லியிருந்தா நாங்க என்னங்கத்தை நிறுத்தியா போட்டிருப்போம்?" என்று அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் முழுகாமல் இருக்கிறாள். பெண்ணாகப் பிறந்தால் உன் பெயர் வைக்க வேண்டுமாம். தொட்டிலில் நான்தான் போட்டுப் பெயரைக் கூப்பிட வேண்டுமாம். முருகேசன் நேற்று அவளை முன்னால் விடாமல் அவனே வந்து கேட்டான். காலைப் பிடித்தான். என் கால் மேல் அவன் கண்ணீர் சூடாக விழுந்தது. நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்தக் குழந்தையை நான் தூக்குவேன், உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். இனி இந்த வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும், எந்தச் சீர் நின்றாலும் எவன் கல்யாணம் நின்றாலும், மறுபடி எடுக்கச் சொன்ன ரத்தத்தை எடுத்துப் பார்க்கும்வரை ஒருவரையும் எழ விடமாட்டேன். வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளையை மன்னித்தாயிற்று. அவரிடம் கையெழுத்துக் கேட்ட ஆஸ்பத்திரியையும் மன்னித்தாயிற்று. எழுந்து வந்த உன்னையும் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஒருவனை மட்டும் முடியவில்லை, முடியவும் போவதில்லை. முருகேசன்.

உன்னையும் அவனையும் பெற்ற
அம்மா