மிச்சமிருந்த பொடி

என் தேனு,

எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்கத்தான் கை வருகிறது. இனி யாரைக் கேட்பது?

திண்டிவனம் லேபில் உலையை இப்போது நான்தான் போடுகிறேன். காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து ஓடும் நம் லித்தியம் பேட்டரி, திரும்பச் சார்ஜ் ஏற்றினால் இன்னும் முரண்டு பிடிக்கிறது. நீ செய்த மாங்கனீசு ஆக்சைடு நானோ பொடியை மின்முனையில் பூசியபோது மட்டும் சமர்த்தாக ஏறியது. நடுவில் கரண்ட் போய், உலை ஆறி, மறுபடி சூடாகி வந்த பொடி அது. "ஈபிகாரன் புண்ணியத்துல வந்துச்சிடி" என்று சிரித்தாய். நானும் பாதியில் சுவிட்சை அணைத்துப் பார்க்கிறேன். வர மாட்டேன் என்கிறது. என்னதான் செய்யட்டும்?

மிச்சப் பொடியை விழுப்புரத்தில் நம் கைடு சார் முன்னால் சோதித்துக் காட்ட எடுத்துப்போவதற்காக டிபன் பையில் வைத்திருந்தாய். அதற்குள் பாழாய்ப்போன காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பொடியைக் கேட்டு வாங்கத்தான் ஓமந்தூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். சுவரில் மாட்டியிருந்த உன் படத்தில், நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு.

"பையில சின்ன டப்பி இருந்துச்சி கண்ணு. மைப் பொடின்னு நெனச்சிக்கினு வெளக்கெண்ண வுட்டு மொத்தத்தையும் கொழச்சிட்டேன். தெனம் அவளுக்கு வெக்கிறேன். ஏம்மா, மைதான அது?" என்றார் உன் அம்மா.

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எண்ணெயைக் கழுவி எடுத்தாலும் அது பழைய பொடியாக இருக்காது, உனக்கே தெரியும்.

"மைதாம்மா" என்றேன்.

"அப்ப நீயும் வச்சிக்க" என்று என் நெற்றியிலும் விரலால் வைத்துவிட்டார்.

அப்படியே பஸ் ஏறி விழுப்புரம் வந்தேன். "பவுடர் எங்கம்மா? இன்னொரு தடவ ஓட்டிக் காட்டலன்னா தேன்மொழி ரிசல்ட்ட யாரும் நம்ப மாட்டாங்க" என்றார் சார்.

"தீந்துபோச்சுங்க சார்" என்றேன், அதை நெற்றியில் வைத்துக்கொண்டே.

உன் வேலை உன் பெயரோடு வெளியே வருமா தேனு? எனக்குத் தெரியவில்லை. தினமும் உலையைப் போடுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிகிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். டப்பி தீரும் நேரத்தில் கடையில் நல்ல மையாக வாங்கி, உன் அம்மாவுக்குத் தெரியாமல் அதில் நிரப்பி வைப்பேன். உன் நெற்றி வெறுமையாக இருக்காது.

உன் அம்மா கையால் பொட்டு வைத்துக்கொண்ட தங்கை,
மலர்