ஹட்டன் கல்யாணத் தாளில் ஏழாவது வரி

1962 ஏப்ரல் 3, செவ்வாய்

வெயில் கடுமை. தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டுத் தூசு ஜன்னல் விளிம்பில் ஒரு விரல் கனம். விடைத்தாள் நாற்பது முடிந்தது, இன்னும் அறுபது.

மாலையில் தம்பி தேவதாஸ். அவன் மகள் கிரேஸின் கல்யாணம் இலங்கையில்தான் என்று முடிவாகிவிட்டதாம். மாப்பிள்ளை சாமுவேல் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருடைய பிரஜாவுரிமை மனு இன்னும் தீர்மானமாகவில்லை. இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களா, தெரியாது. ஆகவே பெண் வீட்டார் கடல் தாண்டவேண்டும். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். பாதிப் பேர் பங்காரப்பேட்டைக்கு அப்பால் போனதில்லை.

"நீ எழுதிக் குடுத்துட்டா போதும்க்கா. எங்க ஏறணும், எங்க எறங்கணும், இன்னா எடுத்துனு போவணும். நீ எழுதுனா யாரும் எதுத்துப் பேசமாட்டாங்க."

அதுதான் எனக்குப் பயம். சரி என்றேன்.

பேசும்போதெல்லாம் அவன் வாயில் வெல்லக்கட்டி. இருபத்தாறு வருஷமாகச் சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை. இருமல் கிளம்பினால் வெல்லத்தால் அடக்குகிறான். கேட்டால், "பழக்கம்."

ஏப்ரல் 7, சனி

தாள் ஒருவாறு உருவாகிறது. மாரிகுப்பம், பங்காரப்பேட்டை, மதராஸ். அங்கே ஓர் இரவு. எழும்பூரில் போட் மெயில். தனுஷ்கோடியில் கப்பல். தலைமன்னாரிலிருந்து ரயில், பொல்காவலையில் மாறவேண்டும், தூங்கிவிடக் கூடாது. அம்மைத் தடுப்பு, காலரா ஊசி, இரண்டுக்கும் அட்டை. பாஸ்போர்ட் பெட்டிக்குள் அல்ல, மடியில்.

தங்குமிடம்: ஆண்களுக்குப் பள்ளிக்கூடக் கூடம், பெண்களுக்குத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காலியான அறைகள் மூன்று. குளிரும். கம்பளி அவசியம். அட்டை கடிக்கும், சோப்பு தடவிக்கொள்ளவும். "எங்க ஊர்ல" என்று ஆரம்பித்து எதையும் குறை சொல்லவேண்டாம். (இதைத் தம்பி மனைவி மேரியின் அக்கா பாக்கியத்துக்காகவே எழுதினேன்.)

ஜோசப் மாமா வந்து வாசித்துப் பார்த்தார். அம்மாவின் தம்பி, சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் எஞ்சினை முப்பது வருஷம் ஓட்டி ஓய்ந்தவர்.

"இன்னாம்மா இது, ஆறு நாப்பது, ஏழு பத்துன்னு? நம்ம ஜனத்துக்கு மணி போட்டா புரியுமா? ஷிப்டு சங்கு போடு. மொத சங்குக்குப் பின்னாலன்னு எழுது."

"தனுஷ்கோடியில சங்கு கிடையாது மாமா."

"கப்பல்காரன் ஊதுவான் இல்ல? அத எழுது."

எழுதினேன்.

ஏழாவது வரி கடைசியில் வந்தது. ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் சொன்னாள்: அவள் சித்தப்பாவைக் கப்பல் துறையில் இருமலுக்காக நிறுத்தி, டி.பி. என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எந்த வருஷம் என்று கேட்டேன். தெரியவில்லை. இருந்தாலும் சேர்த்தேன். '7. நெடுநாள் இருமல் உள்ளவர்கள், டி.பி. அல்ல என்று டாக்டர் கடிதம் வாங்கி வரவும்.'

ஏப்ரல் 9, திங்கள்

தலைமையாசிரியை அனுமதியோடு பள்ளிக்கூட சைக்ளோஸ்டைலில் இருபது பிரதி. விரலெல்லாம் மசி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அளவுக்கு மீறி.

ஏப்ரல் 15, குருத்தோலை ஞாயிறு

ஆராதனை முடிந்து மாமரத்தடியில் தாள் கொடுத்தேன். வாசிக்கத் தெரியாதவர்களும் மடித்து வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். "அச்சுலயே போட்டுட்டாங்க, சர்க்கார் நோட்டீஸு மாதிரி."

பாக்கியத்துக்கு அட்டைக்கடிதான் கவலை. "யாராவது சுரங்கத்துல போட்டுனு எறங்கற பூட்ஸு ஒரு ஜோடி குடுங்கப்பா. நான் போட்டுக்கறேன்."

"கல்யாணத்துக்கா பூட்ஸு?" என்றாள் மேரி.

"பொடவைக்கு அடியில எவ குனிஞ்சி பாக்கப் போறா? நீ பொண்ணுக்கு அம்மா, நீ கடி வாங்கு."

எல்லாரும் சிரித்தார்கள். தேவதாஸ் மட்டும் தாளை இரண்டு தடவை வாசித்தான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 24, செவ்வாய்

கிரேஸுக்கு ரவிக்கைத் துணி. தையல்காரர் சனிக்கிழமை என்கிறார், நம்பிக்கையில்லை.

நான்கு மணிக்கு மேரி வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, அவரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டாரு."

கடிதம் கேட்கப் போயிருக்கிறான். டாக்டர் நெஞ்சுப் படம் எடுக்காமல் தரமுடியாது என்றிருக்கிறார். படத்தில் டி.பி. இல்லை. கல்தூசு, இரண்டு பக்கமும். டி.பி. அல்ல என்று கடிதம் கொடுத்துவிட்டார். கூடவே, இனி அவன் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்று சுரங்க ஆபீசுக்கும் எழுதிவிட்டார். வேறு வேலை தருவார்களா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா, இனிமேல்தான் தெரியும்.

நெஞ்சுப் படம் எடுத்தால் வேலை போகும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அதற்குத்தானே வெல்லம். எனக்கும் தெரியும். அந்த வரியை எழுதும்போது அவனை நினைத்துத்தான் எழுதினேன், அவன் நன்மைக்கு என்று. ஆனால் ஹட்டன் வரைக்கும் யோசித்தவள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் யோசிக்கவில்லை.

மேரி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏழாம் நம்பர்ல போட்டு இருக்குதே, தொறையில நிறுத்திட்டா பொண்ண கைபுடிச்சி யாரு குடுக்கறதுன்னு கேட்டாரு அண்ணி. நான் இன்னா சொல்ல?"

காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஏப்ரல் 25, புதன்

தேவதாஸ் வீடு. பயணப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"அது கேள்விப்பட்டதுடா. நான் விசாரிக்கவே இல்ல."

"நீயா? விசாரிக்காத எழுதுவியா? போக்கா."

மறுபடி சொன்னேன். கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"லாம்ப் ரூம்ல போடறதா பேச்சு. கீழ போறவனுக்கு லாம்பு எடுத்துக் குடுக்கணும். வந்தா திருப்பி வாங்கி வைக்கணும். உக்காந்துனு செய்ற வேலை."

"நிச்சயமா?"

"பேச்சுதான்." பிறகு, "பூட்ஸ பாக்கியத்துக்குக் குடுத்துட்டேன். பெருசா இருக்குதாம், துணி அடைச்சிக்கிறேன்னா."

வீட்டுக்கு வந்து துறைமுக சுகாதார அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: இருமலுக்கு அப்படி ஒரு விதி உண்டா என்று. மூன்று வாரத்துக்கு முன்பு செய்யவேண்டியது.

மே 9, புதன்

பதில் வரவில்லை. நாளைக் காலை முதல் சங்குக்குப் பின்னால் மாரிகுப்பம் ஸ்டேஷன். ரவிக்கை வந்துவிட்டது, கை இறுக்கம். எடுத்துக்கொண்டது: கம்பளி 2, சோப்பு 4, புளிசாதத்துக்குப் பொடி, அமிர்தாஞ்சனம். வெல்லம் ஒரு டப்பா, அவனுக்கு.

மே 12, சனி. கப்பல் மேல்தட்டு

கப்பல் இன்னும் கிளம்பவில்லை. முழங்காலில் வைத்து எழுதுகிறேன், காற்று தாளைப் பிடுங்குகிறது.

துறையில் வரிசை. மேசைக்குப் பின்னால் ஓர் இளம் டாக்டர், கண் சிவந்து, களைத்துப் போனவர். ஊசி அட்டையை மட்டும் பார்த்தார். ஜோசப் மாமா சட்டைக்கையைச் சுருட்டி அம்மை குத்திய தழும்பைக் காட்டப் போக, "போங்க, போங்க" என்றார். பாக்கியம் பூட்ஸோடு டக் டக் என்று தாண்டினாள்.

தேவதாஸ் முறை வந்தபோது வெல்லம் தீர்ந்திருந்தது. இருமினான். சின்ன இருமல் இல்லை. இரண்டு வாரம் அடக்கி வைத்தது முழுவதும். வரிசையே திரும்பிப் பார்த்தது. கிரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இருமிக்கொண்டே கடிதத்தை நீட்டினான்.

டாக்டர் அதை வாங்கவில்லை. அட்டையில் முத்திரை குத்தினார். "மணல் காத்து. எல்லாருக்கும் இப்படித்தான். கப்பல்ல தண்ணி குடிங்க. அடுத்தது யாரு?"

அவ்வளவுதான்.

மேல்தட்டில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். கடிதம் கவரில் மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"கடுதாசி கையில இருந்தத பாத்துட்டுதான் உட்டான்க்கா. இல்லன்னா புடிச்சிருப்பான்."

அவன் அப்படி நம்புகிறானா, எனக்காகச் சொல்கிறானா, முகத்தில் தெரியவில்லை. "ஆமாம்" என்றேன்.

மேரி எல்லாருக்கும் புளிசாதம் பிரிக்கிறாள். பதினொரு பேரும் இருக்கிறார்களா என்று மாமா மூன்றாவது தடவை எண்ணுகிறார்.

கப்பல் ஊதியது, ஷிப்டுக்குக் கூப்பிடும் சங்கு மாதிரியே. தேவதாஸ் சட்டென்று எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.