குலப்புனிதர் நாளுக்கு வந்த பிரதமர்

வியன்னா,
அக்டோபர் 3

அன்புத் தம்பி திஹோமிருக்கு, அக்கா ஸ்டமேனா எழுதுவது.

நலம்தானே? முட்டிவலித் தைலம் அனுப்பினேனே, வந்ததா இல்லையான்னு ஒரு வரி எழுத உனக்குக் கை வராது. உங்க பிரதமர் போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்ப மட்டும் விரல் பறக்குது.

ஆமா, உங்க பிரதமர்தான். போன வாரம் குர்லாக் இங்கே விருந்துக்கு வந்திருந்தாரே, கேள்விப்பட்டிருப்பே. போர்ல செத்தவங்களுக்காக எல்லா நாட்டுத் தலைவர்களும் எழுந்து மௌனமா நிக்கறாங்க. இந்த மகராசன் மட்டும் உட்கார்ந்து கோழிக்காலைக் கடிச்சுக்கிட்டிருக்கார். மறுநாள் எல்லாப் பேப்பர்லயும் அந்த வாய்தான். எங்க ரொட்டிக்கடைக்கு வருஷக்கணக்கா வர்ற கிழவர் கேட்கறார்: "ஏம்மா, உங்க நாட்டுல செத்தவங்களுக்கு எழுந்து நிக்க மாட்டாங்களா?" தின்னது அந்தாளு, கூசிப்போனது நான்.

நவம்பர்ல நம்ம குலப்புனிதர் மிக்கேல் திருநாளுக்கு வழக்கம்போல பஸ் ஏறிடுவேன். அவருக்கு மெழுகுவர்த்தி ஏத்தற நாள்ல உன் பக்கத்துல நிக்கணும். அப்பா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது நீயும் அந்த வீடும்தான்.

அன்புடன்,
அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது, வலி பரவாயில்லை.

குர்லாக் வேணும்னேதான் எழுந்திருக்கலை. நம்மளைக் குனிய வெச்சவங்க முன்னாடி உட்கார்ந்தே இருந்த முதல் ஆம்பளை அவர். ஊரே கொண்டாடுது. ஊருன்னா பாதி ஊர். மீதி நம்ம சித்தப்பா மகன் க்வோஸ்டன் பக்கம். என்னைப் பார்த்து 'கோழிக்கால் நக்கி'ன்னான், நான் 'விலைபோனவனே'ன்னேன். இப்ப பேச்சுவார்த்தை கிடையாது. சவரக்கடைகூட ரெண்டாயிடுச்சு, அவங்க ஆளு எங்க கடையில தலையைக் குடுக்கறதில்லை.

நல்ல சேதி கேளு. திருநாளன்னிக்கு பிரதமர் நம்ம வீட்டுக்கு வர்றார்! டிவிக்காரங்களோட! சாதாரண ஜனங்க வீட்டு விருந்துல உட்காரணுமாம், கட்சி நம்ம வீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கு. நம்ம வீடு வரைக்கும் தார் ரோடு போட்டாச்சு. காவல்காரங்க வர்றவங்க பட்டியல் கேட்கறாங்க. உன் பாஸ்போர்ட் நம்பரை அனுப்பு. கோவிச்சுக்காதே அக்கா, அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதே.

உன் தம்பி,
திஹோமிர்

வியன்னா,
அக்டோபர் 23

திஹோமிர்,

தார் நம்ம வாசலோட நின்னுடுச்சா? பக்கத்து வீட்டுக்காரன் என்ன, காரைத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போவானா?

பட்டியலாம் பட்டியல்! அந்த நாளுக்கு நம்ம ஜனங்க யாரையாவது கூப்பிட்டிருக்காங்களா? கதவு திறந்திருக்கும், வர்றவன் வருவான். அப்பாவைக் கன்னத்துல அறைஞ்ச போலீஸ்காரன் ஒரு வருஷம் வந்து நின்னான். அப்பா அவனுக்கும் பிளம் சாராயம் ஊத்திக் குடுத்தார். வீட்டுக்காரன் அன்னிக்கு உட்காரக்கூடாதுங்கறது முறை, அவன் தின்னு முடிக்கற வரைக்கும் நின்னார். அந்த வீட்டுக்குள்ள நுழைய நான் நம்பர் குடுக்கணுமா? தூ!

நம்பர் வராது, நான் வருவேன். வாசல்ல நிப்பேன். நீ இறங்கி வந்து கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போ. எனக்கு அது போதும்.

அக்கா

நவம்பர் 23

அக்கா,

நீ வாசல்ல நின்னதைப் பார்த்தேன். காவல்காரன் "யார் இந்தம்மா?"ன்னு கேட்டான். கேமரா ஓடிக்கிட்டிருந்தது. "தெரியலை"ன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் ஓடி வந்தேன், அதுக்குள்ள நீ போயிட்டே.

மெழுகுவர்த்தி விஷயத்தைத்தான் எல்லாரும் ஊதிப் பெருசாக்கறாங்க. அவர் சிகரெட்டை வாயில வெச்சார், யார்கிட்டயும் தீப்பெட்டி இல்லை. நான்தான் புனிதருக்கு ஏத்தினதை எடுத்து நீட்டினேன். ஒரு பெரிய மனுஷர் வீடு தேடி வந்திருக்கார், வேற என்ன செய்யச் சொல்றே?

ஒரு வாய்கூட அவர் சாப்பிடலை. கேமராவை மூட்டை கட்டினதும் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் பொழுது சாயற வரைக்கும் நின்னேன். ஒருத்தரும் வரலை அக்கா. க்வோஸ்டன் பக்கத்து ஆளுங்க வரலை, சரி. எங்க ஆளுங்களும் வரலை, பட்டியல்ல பேர் விட்டுப்போச்சுன்னு கோவமாம். முட்டைக்கோஸ் இலையில கறி வெச்சுச் சுருட்டினது அண்டா நிறைய அப்படியே கிடக்கு.

பதில் போடு.

திஹோமிர்

வியன்னா,
டிசம்பர் 4

திஹோமிருக்கு,

"தெரியலை"ன்னதை பயத்துல சொன்னேன்னு விட்டுடறேன். பயம் யாருக்கும் வரும். பல்லை இளிச்சுக்கிட்டு அந்த நெருப்பை நீட்டினியே, அது பயமில்லைடா. அந்தப் படம் இங்கேயும் வந்தாச்சு. கிழவர் இந்தத் தடவை எதுவும் கேட்கலை. ரொட்டியை வாங்கிக்கிட்டு, ஐயோ பாவம்னு என்னைப் பார்த்துட்டுப் போனார். நம்ம நாட்டு மேல இவங்களுக்கு இருந்த கோவம்கூடப் போய், இப்ப இரக்கம் வந்துடுச்சு.

குர்லாக்கை ஓட்டுப் போட்டு இறக்கிடலாம். உன்னை நான் எங்கே கொண்டுபோய் இறக்கறது?

மிக்கேல் படத்தை பார்சல்ல அனுப்பிவிடு. அடுத்த வருஷத்துலேர்ந்து நானே இங்கே ஏத்தறேன். தம்பி உசிரோட இருக்கும்போது அக்கா ஏத்தறது முறையில்லைன்னு பாதிரியார் கத்துவார். கத்தட்டும்.

நீயும் வரலாம், உன்னைத் தடுக்க மாட்டேன். வந்து சாப்பிட்டுட்டுப் போ. யாருன்னு கேட்டா விருந்தாளின்னு சொல்வேன்.

ஸ்டமேனா