கொட்டாங்குச்சியில் கல்

1986 மார்ச் 7, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். நேற்றுதான் காலேஜிலிருந்து மலைக்கு, வீட்டுக்கு வந்தேன். வாசலெல்லாம் புளி காய்கிறது.

புரோகிராம் முடியவில்லை. பத்து எண்ணைச் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கணும், அவ்வளவுதான். இரண்டு தரம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாச்சு. இரண்டு தரமும் நிற்காமல் சுற்றுகிறது என்று துளை குத்திய கார்டுக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திங்கள் கடைசித் தரம். அதிலும் ஓடாவிட்டால் பாடம் போச்சு. "பேசாம கணக்குப் பக்கமே போயிடும்மா" என்றார் சார். போக மாட்டேன்.

42 கார்டு, கார்டுக்கு ஒரு வரி. மூன்று முறை படித்தேன். தப்பு தெரியவில்லை.

தலைக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது.

மார்ச் 8, சனி

நாலாவது முறை. ம்ஹூம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மிஷினுக்கு எங்கே போவது? புளி உடைத்துக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டேன்.

"நீங்கதான் கம்ப்யூட்டர், அண்ணி. நான் சொல்றத மட்டும் செய்யணும்."

"இன்னா தருவ?"

"ரிப்பன்."

"ஆவட்டும்."

பத்துப் புளியம்பழம், நெட்டையும் குட்டையுமாக ஒரே வரிசையில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டாகப் பார்க்கணும். இடது பக்கம் நீளமென்றால் இடம் மாற்றிவிட்டுக் கொட்டாங்குச்சியில் கல் போடணும். வரிசை முடிந்ததும் கொட்டாங்குச்சியில் கல் இருந்தால் மறுபடி முதலிலிருந்து. இல்லாவிட்டால் நிறுத்தணும்.

ஆறாவது சுற்றில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. அண்ணி நிறுத்தவில்லை. ஏழு. எட்டு. ஒன்பது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு தெரியலயா? அதான் அடுக்கியாச்சே!" என்று கத்திவிட்டேன்.

அண்ணி நிமிரக்கூட இல்லை. "கல்லு கீதே. கல்லு இருந்தா மறுபடி பாக்கச் சொன்ன."

"அது பழைய கல்லு!"

"எடுக்கச் சொன்னியா நீ?"

சொல்லவில்லை. 42 கார்டில் எங்கேயும் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கொட்டாங்குச்சியைக் காலி பண்ணணும். கார்டில் கொட்டாங்குச்சிக்குப் பெயர் K. K = 0. ஒரே ஒரு கார்டு!

பழங்களைப் பழையபடி கலைத்து வைத்து, சுற்றுக்கு முன்னால் கல்லை எடுக்கச் சொல்லி மறுபடி ஓட்டினோம். ஏழாவது சுற்றில் நிறுத்திவிட்டு எழுந்தாள். "இப்ப சரியா சொன்ன."

கத்தினதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

விடிந்ததும் இறக்கம். அண்ணி கார்டுகளை யூரியா பையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். படவேட்டில் பஸ் போய்விட்டது. சந்தவாசல் வரை நடை. செருப்பு வார் அறுந்தது, வலது கால்.

பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா பையைத் தட்டிப் பார்த்து, "இன்னாம்மா, உரமா?"

"படிப்புங்க."

மார்ச் 10, திங்கள்

புதுக் கார்டு குத்தி, இடம் பார்த்துச் செருகினேன். காலையில் கொடுத்தது, மூன்று மணிக்குத் தாள் வந்தது. பத்து எண். வரிசையாக. நின்றுவிட்டது! கண்ணில் தண்ணீர், துடைத்துக்கொண்டேன்.

சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊருக்குப் போயிருந்தியே, எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"வூட்ல ஓட்டிப் பாத்தேன் சார்."

"வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா?"

"அண்ணி இருக்காங்க சார்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ரிப்பன். சிவப்பு. இரண்டு முழம்.