ஆறிப்போன வாய்ப்புண்

14 ஆகஸ்ட் 1978, திங்கள், ஈப்போ

ரத்தப் புற்றுநோய் மாத்திரை வாங்க லெட்சுமி அக்கா இன்று என் மருந்து ஜன்னலுக்கு வந்தார். போன மாதம் இந்த மாத்திரையால் வாய் வெந்து தண்ணீர்கூட விழுங்க முடியாதவர்.

"வாய்ப்புண் ஆறிருச்சு தம்பி. நல்லா சாப்பிடுறேன் லா."

வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டேன்.

"தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரசர் குடுத்தாரு" என்று ஒரு டப்பாவைத் திறந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை. அதுவும் மஞ்சள், எங்கள் மாத்திரையும் மஞ்சள். எங்களுடையது ஃபோலிக் அமிலத்தைப் போலவே, ஓரிரு இடம் மட்டும் மாற்றிச் செய்தது. அதை அசல் என்று நம்பித்தான் நோய் பட்டினி கிடக்கும். அசலே உள்ளே போனால், நன்றாகச் சாப்பிடுவது அக்கா மட்டுமல்ல.

டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

"அப்போ புண்ணு திரும்ப வருமா?"

ஆம் என்று தலையாட்டினேன்.

வரவேண்டும் என்று சாமி கும்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.