ஜன்னலோரப் பலகை

ராசாத்திக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன் செய்யவில்லை என்று கோபிக்காதே. உன்னோடு பேசினால் என் கால் ஓரிடத்தில் நிற்காது. நடந்தால் இந்த லேமினேட் பலகைத் தரை கிரீச்சிடுகிறது. கீழே இருக்கும் வீட்டுக்காரர், "இன்னொரு தடவ சத்தம் கேட்டா பெட்டியக் கட்டிக்கப்பா" என்றுவிட்டார். எனக்குப் போக்கிடம் ஏது?

சத்தம் நிற்க இடுக்கெல்லாம் பவுடர் தூவியும் பலிக்கவில்லை. பலகை விரிய இடம் விடாமல் சுவரோடு நெருக்கிப் போட்டிருக்கிறார்கள். ஓரங்களை விரலளவு அறுத்தபின் முக்கால்வாசி அடங்கிவிட்டது. ஜன்னலோரம் மட்டும் இன்னும் கத்துகிறது. போனுக்கு டவர் கிடைப்பதும் அங்கேதான். உன் குரல் கேட்காமல் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

நீ போர்த்துகிற பழைய போர்வையை அனுப்பு. அங்கே மடித்துப் போட்டு, அசையாமல் உட்கார்ந்து பேசுகிறேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. போர்வையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.