கழிக்க வேண்டிய ஏழு வாரம்

கொரட்டூர்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜோஸுக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையில் நான், அம்மா, மருமகள் ரெனிதா, உன் மகன் நேதன் நால்வரும் இங்கே சுகம். நேதன் விஷயத்தில் டாக்டரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே இப்படி எழுதுகிறேன். ஹாம்பர்க் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ரெனிதா, நேதன் இருவரின் விசாவுக்கு நீ கேட்ட பிறப்புச் சான்றிதழைக் கூரியரில் அனுப்புகிறேன், அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். இதில் இருப்பதைப் போனில் சொல்லியிருக்கலாம், நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் பாதியில் தைரியம் போய்விடும்.

தொழிற்பேட்டைக் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் வீட்டில் சும்மா இருப்பானா. எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்று தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் போட்டிருந்ததைப் பெரிய தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். செய்ததற்குப் பச்சை, செய்யாததற்குச் சிவப்பு. எட்டு மாதம் முடிந்தும் நேதன் உட்காரவில்லை. உட்கார வைத்தால் வலது பக்கம் சாய்வான், சாய்ந்துவிட்டுச் சிரிப்பான். சிவப்பு போட்டேன். ரெனிதா அதைப் பார்த்தாள், அன்று மதியம் சாப்பிடவில்லை. அம்மா அந்தத் தாளின் மேல் காலண்டரை மாட்டி மறைத்துவிட்டாள். பிறந்ததும் ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த பிள்ளையை நாலு நாள் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, லீவு முடிந்து கிளம்பும்போது பாத்துக்கோங்கப்பா என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ என்று பயந்தேன். அந்த ஞாயிறுதான் வீடியோவில் உட்கார்றானாப்பா என்று கேட்டாய். உட்காருகிறான் என்று சொல்லிவிட்டு, சோபாவில் மஞ்சள் துண்டைப் போட்டு, துண்டுக்குள் கையை விட்டு அவன் முதுகைப் பிடித்துக்கொண்டேன். நீ அழுதுவிட்டாய். அதைப் படம் எடுத்து டிபியாகவும் வைத்துக்கொண்டாய். கம்பெனியில் ஒரு நாளும் பொய் ரிப்போர்ட் எழுதாதவன் நான், உனக்கு எழுதினேன். அன்றிலிருந்து உன் போன் வரும்போதெல்லாம் அந்தப் படம்தான் முதலில் வருகிறது.

அடுத்த வாரமே ஸ்டேஷன் பக்கத்துக் குழந்தை டாக்டர் ஸ்வாதியிடம் போனோம், தாளையும் கொண்டுபோனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியைக் கேட்டார். ஏழு வாரம் முன்னாடியே பொறந்த குழந்தை அங்கிள், வளர்ச்சிக்கு ரெண்டு வயசு வரைக்கும் அந்த ஏழு வாரத்தைக் கழிச்சுதான் பாக்கணும், இவனுக்கு இப்ப ஆறரை மாசம்தான் என்றார். தலை நிற்கிறது, சத்தத்துக்குத் திரும்புகிறான், கிலுகிலுப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறான், எடையும் வளர்ச்சி அட்டையில் அவன் கோட்டிலேயே ஏறுகிறது, ரெண்டு மாதத்தில் உட்காரவில்லை என்றால் வாருங்கள், செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால் உடனே வாருங்கள் என்றார். ரெனிதா ஆட்டோவில் வீடு வரைக்கும் அழுதாள், பாரம் இறங்கிய அழுகை. நான் வீட்டுக்கு வந்து எல்லாவற்றிலும் ஏழு வாரத்தைக் கழித்தேன். ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை ஊசியிலும் கழித்தேன். ரெனிதா ஞாபகப்படுத்தினாள், டாக்டர் சொன்ன கணக்கு என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். தெருவுக்கு வரும் சுகாதார நர்ஸ் ராஜகுமாரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இன்னா சார், படிச்சவரா கீறீங்க, ஊசிக்குப் போயி கழிச்சுகினு கீறீங்களே, அதுக்குப் பொறந்த தேதிதான் கணக்கு என்று தெருவே கேட்கச் சொன்னார். பன்னிரண்டு நாள் தாமதம், பரவாயில்லை என்று ஊசியும் போட்டார், முகம் அப்படிச் சொல்லவில்லை. ரெனிதா நியாயமாக என்னைத் திட்டியிருக்க வேண்டும், காபி கொடுத்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நேற்று சாயங்காலம் பாயில் அவனை உட்கார வைத்துவிட்டு ரெனிதா கையை எடுத்தாள். சாயவில்லை. நான் முப்பது வரை எண்ணினேன், எண்ணாதீங்க கண்ணு பட்டுடும் என்று அம்மா அதட்டியதால் நிறுத்தினேன், அவன் நிறுத்தவில்லை. நான் அழுதேன், இதை எழுத வெட்கமில்லை. இன்னொன்று, அவர்கள் அங்கே வந்து இறங்கும்போது ஏர்போர்ட்டில் நீ தூக்கப் போனால் அவன் அலறுவான். இந்த வயதில் புது முகத்தைக் கண்டு அழுவது சரியான வளர்ச்சிதான் என்று டாக்டர் சொன்னார், தாளில் பச்சையும் போட்டாகிவிட்டது. உன்னைப் புது முகம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் அவனுக்கு நீ அப்படித்தான். மனசு விடாதே. வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார், பிடித்து இழுக்காதே, அவனே வருவான். ஒரு வயசு முடிகிற வரைக்கும் யார் சொன்னாலும் அவன் நாக்கில் தேன் வைக்காதே.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும், சீக்கிரம் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க அவர் வழி செய்யட்டும். மறக்காமல் அந்த டிபியை மாற்று. துண்டின் இடது ஓரத்தில் என் மோதிர விரல் தெரிகிறது, இத்தனை நாளாக நீ பார்க்கவேயில்லை. நேற்று ரெனிதா எடுத்ததைப் பிரிண்ட் போட்டுச் சான்றிதழுக்குள் வைத்திருக்கிறேன். அதில் அவன் பாயில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், பின்னால் சுவரோரம் நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

உன் அப்பா,
ஜேசுராஜ்